ஃப்ரீஸ்டைல் நீச்சலில் உடல் சுழற்சி: எவ்வளவு, எப்போது, எதனால்

ஃப்ரீஸ்டைல் கற்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே "உடம்பைத் திருப்பு" என்ற அறிவுரை காதில் விழுந்துவிடும். அதைக் கேட்டவர் அடுத்த நீளத்திலிருந்து இடமும் வலமுமாகப் புரள ஆரம்பிப்பார். வேகம் கூடாது. கால்கள் கத்தரிபோல விரியும், முன்னே நீட்டிய கை ஒரு கணம் சும்மா மிதக்கும், மூச்சு வாங்குவதும் முன்பைவிடச் சிரமமாகும். அறிவுரை சரியானதுதான்; சுழற்சியைத் தனி வேலையாக எடுத்துச் செய்வதில்தான் கோளாறு. கை எங்கே நுழைகிறது, தலை எப்படி நிற்கிறது, கால் எப்போது அடிக்கிறது, மூச்சுக்கு எப்போது திரும்புகிறோம் என்ற நான்கும் ஒழுங்காக இருந்தால் தேவையான கோணம் தானே வந்து சேரும். இவற்றில் ஒன்று பிசகினால், எவ்வளவு புரண்டாலும் அது வெறும் புரளல்தான்.

ஆகவே இந்த வழிகாட்டி முதலில் சுழற்சியின் அளவையும் அதை உண்டாக்கும் விசைகளையும் சொல்கிறது. பிறகு ஒரு முழுச் சுற்றின் நேர ஒழுங்கு, உங்கள் கோணத்தை அளக்கும் முறை, நான்கு வாரப் பயிற்சி, வழக்கமான பிழைகள் என்று செல்கிறது. 25 மீட்டரை நிற்காமல் நீந்தத் தெரிந்த எவரும் இதைப் பின்பற்றலாம்.

எது திரும்புகிறது, எது திரும்பக் கூடாது

உச்சந்தலையிலிருந்து முதுகெலும்பை ஒட்டிக் குதிகால்வரை ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது உடலின் நீளவாக்கு அச்சு. சுழற்சி என்றால் தோள்களும் இடுப்பும் இந்த அச்சைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி உருள்வது. அச்சு போகும் திசையை நோக்கி நேராக இருக்க வேண்டும். அது பாம்புபோல வளைந்தால் நடப்பது சுழற்சி அல்ல, பக்கவாட்டு ஆட்டம். பயிற்சியாளர்கள் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தோள்களும் இடுப்பும் ஒரே அளவில் உருள்வதில்லை. சீரான வேகத்தில் நீந்தும் தேர்ந்தவர்களிடம் தோள்கள் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 60 டிகிரிவரை சாயும். இடுப்பு அதைவிடத் தெளிவாகக் குறைவாக, பெரும்பாலும் 25 முதல் 40 டிகிரிக்குள் நிற்கும். இந்த இடைவெளி இயல்பானது. "தோளும் இடுப்பும் ஒரே பலகைபோலத் திரும்ப வேண்டும்" என்ற சொல், விலாவுக்குக் கீழே உடல் துவண்டுபோகிறவர்களுக்கு ஒரு திருத்தமாகப் பயன்படும். அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு இடுப்பைத் தோள் அளவுக்குத் திருப்பினால் காலடி பக்கவாட்டில் போய்விடும்.

தலை மட்டும் மூச்சு வாங்கும் நேரம் தவிர அசையக் கூடாது. குளத்தின் அடியில் உள்ள கருப்புக் கோடு உங்கள் பார்வையில் இடவலமாக ஆடினால் தலையும் தோளோடு சேர்ந்து உருள்கிறது என்று பொருள்.

எவ்வளவு கோணம் போதும்: ஒரு சிறு கணக்கு

அதிகமாகத் திரும்புவது நல்லது என்ற எண்ணத்தை ஒரு எளிய கணக்கு தளர்த்திவிடும். இரு தோள் மூட்டுகளுக்கு இடையே 40 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து ஒவ்வொரு தோளும் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. உடல் 30 டிகிரி சாய்ந்தால் கீழ்த்தோள் 10 செ.மீ. இறங்கும், மேல்தோள் அதே அளவு ஏறும். 45 டிகிரியில் அது 14 செ.மீ. 60 டிகிரியில் 17 செ.மீ. 90 டிகிரி, அதாவது முழுப் பக்கவாட்டில் படுத்தாலும், 20 செ.மீ.தான்.

முதல் 45 டிகிரியில் 14 செ.மீ. கிடைக்கிறது. அடுத்த 45 டிகிரி முழுவதையும் செலவழித்தால் இன்னும் 6 செ.மீ. மட்டுமே. அந்தச் சொற்ப ஆதாயத்துக்காகப் போன தூரம் முழுவதையும் திரும்பி வரவும் வேண்டும். நிமிடத்துக்கு 60 கைவீச்சு போடுகிறவருக்கு ஒரு கைவீச்சுக்கு 1 விநாடி கிடைக்கிறது; இடப்பக்கம் 45-லிருந்து வலப்பக்கம் 45 வரை 90 டிகிரியை அந்த ஒரு விநாடிக்குள் உருள வேண்டும். நிமிடத்துக்கு 100 கைவீச்சு என்றால் அதே 90 டிகிரிக்கு 0.6 விநாடிதான். வேகம் கூடும்போது தேர்ந்த நீச்சல்காரர்களின் சாய்வு குறைவதற்கு இந்த நேர நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். 50 மீட்டர் போட்டியில் ஒருவர் 1500 மீட்டர்காரரைவிடத் தட்டையாகத் தெரிந்தால் அது பிழை அல்ல.

பரவலான இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சரிசெய்துகொள்ளலாம். பக்கவாட்டில் திரும்பினால் உடல் நீரைக் "குறுகலாக" வெட்டிச் செல்லும், எதிர்ப்பு குறையும் என்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால், விறைப்பான ஒரு பொருளை அதன் நீள அச்சிலேயே உருட்டும்போது அதன் குறுக்குவெட்டு சாய்கிறதே தவிரச் சிறுப்பதில்லை. எதிர்ப்பு உண்மையிலேயே குறைவது வேறு வழிகளில்: கை முழுதாக நீண்டு தோள் காதோடு ஒட்டி நிற்கும்போது, மூச்சுக்காகத் தலை தூக்காதபோது, அதனால் இடுப்பும் காலும் மூழ்காதபோது. நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறத்தாழ உயர்வதால், மூழ்கிய கால்கள் பிடுங்கும் வேகத்தை எந்தக் கைவலிமையாலும் ஈடுகட்ட முடியாது.

உடலை உருட்டும் விசை எங்கிருந்து வருகிறது

தரையில் நின்று பந்தை எறிகிறவருக்கு உந்திக்கொள்ள நிலம் இருக்கிறது. பாதம் தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, தோள் பின்தொடர, கை கடைசியாக வருகிறது. நீருக்குள் அந்த நிலம் கிடையாது. வயிற்றின் சாய்தசைகளை எவ்வளவு இறுக்கினாலும் தோளை இடுப்புக்கு எதிராக முறுக்கலாமே தவிர, முழு உடலையும் உருட்ட முடியாது. முழு உடல் உருள வெளியிலிருந்து ஒரு திருப்பு விசை வேண்டும். அது மூன்று இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, புவியீர்ப்புக்கும் மிதப்பு விசைக்கும் உள்ள போட்டி. மூன்றில் பெரிய பங்கு இதற்கே. ஒரு கை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 3.5 கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அந்தக் கைக்குக் கிட்டத்தட்டப் பாரமே இல்லை. அது நீருக்கு மேலே வந்ததும் 3.5 கிலோவும் உடலின் ஒரு பக்கத்தில் தொங்குகிறது. கூடவே அந்தப் பக்கத் தோளும் நீரை விட்டு எழும்பித் தன் மிதப்பை இழந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கின்றன. முன்னே வீசிய கை நுழையும்போது உடல் அந்தப் பக்கமாகச் சாய்வது இந்த இலவசப் பாரத்தால்தான். நீருக்கு மேலே வரும் கையை, அதாவது மேல்கையை, தளர்வாக, தாமதமின்றி முன்னே கொண்டுவருபவருக்குச் சுழற்சி சுலபமாக வருவதற்கும், கையைத் தொடையருகே நிறுத்தி வைப்பவருக்குச் சுழற்சி நின்றுபோவதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது, நீரை இழுக்கும் கை. நீட்டிய கை நீரைப் பின்னோக்கித் தள்ளாமல் கீழ்நோக்கி அழுத்தினால், எதிர்விசை அதே பக்கத் தோளை மேலே தூக்கும். கீழே இறங்க வேண்டிய தோள் இறங்காது. தட்டையாக நீந்துபவர்களில் பலர் இந்த அழுத்தத்தை அறியாமல் செய்கிறார்கள். "இன்னும் திரும்பு" என்பதைவிட "கையை அழுத்தாதே, முழங்கையை உயரத்தில் வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் மடக்கு" என்பது அவர்களுக்கு உடனே உதவும்.

மூன்றாவது, காலடி. இடது கால் கீழே அடிக்கும்போது எதிர்விசை இடது இடுப்பை உயர்த்தும், வலப்பக்கம் தாழும். ஆகவே வலது கை நுழைந்து நீளும்போது இடது கால் அடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி மட்டும் அடிக்கும் தொலைதூர நீச்சலில் இந்தக் குறுக்கு இணைப்பு மிகத் தெளிவாகத் தெரியும். ஆறு அடியிலும் இது உண்டு. ஒவ்வொரு கைக்கும் மூன்று அடிகள் வருவதால், நுழைவோடு சேரும் அடியைக் கவனித்துப் பிடிக்க வேண்டும்.

வயிற்றுத் தசைகளுக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காலடி இடுப்பில் உண்டாக்கும் திருப்பத்தைத் தோளுக்குக் கடத்துவது அவைதான். அவை தளர்ந்திருந்தால் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று போய், நடுவில் விசை வீணாகும்.

தோள் மூட்டுக்கு இதனால் என்ன நன்மை

உடல் சாயாமல் தட்டையாகப் படுத்து, முழங்கையை மடக்கிக் கையை நீருக்கு மேலே கொண்டுவந்து பாருங்கள். முழங்கை முதுகின் தளத்துக்குப் பின்னால் போனால்தான் கை வெளியே வரும். ஒவ்வொரு வீச்சிலும் தோளின் முன்பகுதி இழுபடும். மேல்கை எலும்பின் தலைக்கும் தோள்பட்டை எலும்பின் மேல்நுனிக்கும் இடையே உள்ள தசைநாண்கள் நெருக்கப்படும். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் கைவீச்சு போடுபவருக்கு இந்த நெருக்கம் ஆயிரம் தடவை. உடல் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் தோள் ஏற்கெனவே நீருக்கு மேலே இருக்கும். கையைத் தூக்க வேண்டியதில்லை, முன்னே கொண்டுவந்தால் போதும்.

இழுக்கும் கைக்கும் பலன் உண்டு. கீழ்த்தோள் சாய்ந்து நீண்டிருக்கும் நிலையில் முதுகின் அகன்ற தசையும் மார்புத் தசையும் நீட்சி பெற்றுச் சுருங்கத் தயாராக இருக்கின்றன. உடல் திரும்பி வரும்போது அவையே இழுவையின் பெரும்பங்கைச் செய்யும். தட்டையாக நீந்தினால் அந்தச் சுமை தோளின் சிறு தசைகள்மேல் விழும்.

நீந்தும்போது தோளில் கூர்மையான வலி வந்தாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போனாலோ, கீழே வரும் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள்.

ஒரு முழுச் சுற்றின் நேர ஒழுங்கு

வலது கையிலிருந்து தொடங்குவோம்.

வலது கை தலைக்கு முன்னால், தோளுக்கு நேரே, விரல்நுனி முதலில் நீருக்குள் நுழைகிறது. கட்டைவிரலைக் கீழே குத்தி நுழைக்க வேண்டாம். அது தோளை உள்நோக்கி முறுக்கும். இந்த நேரத்தில் தோள்கள் இன்னும் இடப்பக்கம் சற்றே சாய்ந்து, தட்டை நிலையை நோக்கி வந்துகொண்டிருக்கும். இடது கை மார்புக்குக் கீழே இழுவையின் தொடக்கத்தில் இருக்கும்.

வலது கை முன்னே நீள்கிறது. இடது கால் அடிக்கிறது. தோள்கள் தட்டை நிலையைக் கடந்து வலப்பக்கம் சாய்கின்றன. இடது கை தொப்புளைத் தாண்டித் தொடையை நோக்கித் தள்ளுகிறது. உருளலின் வேகம் இங்கேதான் அதிகம். இழுவையின் வலுவான பகுதியும் இங்கேதான். இரண்டும் ஒன்றாக நிகழ்வதுதான் நல்ல நேர ஒழுங்கு.

இடது கை தொடையருகே நீரை விட்டு வெளியேறுகிறது. வலது கை முழுதாக நீண்டு, நீர்மட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே, தோளுக்கு நேராக நிற்கிறது. முழுச் சாய்வு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. இங்கே "நிற்கிறது" என்ற சொல்லை ஓய்வு என்று புரிந்துகொள்ள வேண்டாம். இடது கை மேலே வரத் தொடங்கியதுமே வலது முன்கை சாய்ந்து நீரைப் பிடிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

இடது கை தலையைக் கடந்து முன்னே வருகிறது. அதன் பாரம் இடத்தோளை இறக்கத் தொடங்குகிறது. வலது முழங்கை உயரத்தில் நிற்க, முன்கையும் உள்ளங்கையும் பின்னோக்கிப் பார்த்திருக்கும். இடது கை நுழைகிறது, வலது கால் அடிக்கிறது, எல்லாம் மறுபக்கம் நிகழ்கிறது.

பெரும்பாலோர் தவறவிடுவது நீரில் பிடிமானம் போடும் தருணத்தை. முழுச் சாய்விலிருந்து உடல் திரும்பத் தொடங்குவதற்குள் முன்கை நீரைப் பிடித்திருக்க வேண்டும். உடல் முதலில் திரும்பி, கை பிறகு பிடித்தால், உருளலின் வேகம் இழுவைக்குச் சேராமல் வெறுமனே கழிந்துபோகும்.

மூச்சு

மூச்சுக்காகத் தனியாக உருள வேண்டியதில்லை. தோள்கள் 45 டிகிரி சாய்ந்திருந்தால் வாய் காற்றை அடையக் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பினால் போதும். முன்னேறும் தலை நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி, வாயருகே ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கும். மூச்சை அந்தப் பள்ளத்திலிருந்து எடுக்கலாம். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள், மறுபக்கம் வெளியே என்ற பழைய அளவுகோல் இன்றும் பொருந்தும்.

வலப்பக்கம் மூச்சு வாங்குகிறீர்கள் என்றால், வலது கை தொடையை நோக்கித் தள்ளத் தொடங்கும்போது தலை வலத்தோளோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். கை வெளியே வந்த பிறகு தலையைத் திருப்பினால் தாமதம். தோள் திரும்பி வரத் தொடங்கிவிட்டதால் தலையைத் தூக்கியே காற்றை எட்ட வேண்டியிருக்கும். மேல்கை முகத்தைக் கடக்கும் முன் முகம் நீருக்குள் திரும்பியிருக்க வேண்டும். வெளிமூச்சு முழுவதையும் நீருக்குள்ளேயே விடுங்கள். மேலே வந்து விட்டு, பிறகு வாங்க முயன்றால் நேரம் போதாது, உடல் மூச்சுப் பக்கம் நீண்ட நேரம் சாய்ந்து கிடக்கும்.

மூச்சு வாங்கும் பக்கம் சாய்வு சற்று அதிகமாக இருப்பது பெரும்பாலும் எல்லோரிடமும் உண்டு. 10 டிகிரிவரை வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2018-ல் 1500 மீட்டரை 15:20.48-ல் நீந்தி உலக சாதனை படைத்தபோது, பெரும்பாலும் ஒரே பக்கம் மூச்சு வாங்கி, குதிரை தாவுவதுபோன்ற சமமற்ற தாளத்தில்தான் நீந்தினார். இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்பது விதி இல்லை. ஆனால் கற்கும் காலத்தில் மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு வாங்கி இரு பக்கமும் பழகுவது, எந்தப் பக்கம் பலவீனம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் கோணத்தை அளப்பது

உணர்வை நம்ப வேண்டாம். 30 டிகிரி சாயும்போதே முழுப் பக்கவாட்டில் கிடப்பதாகச் சிலருக்குத் தோன்றும். 70 டிகிரி சாய்ந்தும் தட்டையாக இருப்பதாகச் சிலர் உறுதியாகச் சொல்வார்கள்.

நீர் புகாத உறை போட்ட கைபேசி போதும். விநாடிக்கு 60 படங்கள் என்ற அமைப்பில், நீங்கள் வரும் பாதையின் முடிவில், நீருக்கு அடியில் அரை மீட்டர் ஆழத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். உங்களை நேர் எதிரே படம் பிடிக்க வேண்டும். 25 மீட்டரை வழக்கமான வேகத்தில் நீந்துங்கள். பிறகு ஒரு கை முழுதாக நீண்டிருக்க, மறுகை நீரை விட்டு வெளியேறும் படத்தில் நிறுத்துங்கள். இரு தோள் முனைகளையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அதற்கும் கிடைமட்டத்துக்கும் உள்ள கோணமே உங்கள் தோள் சாய்வு. இரு பக்கமும் மூன்று வீச்சுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். இடுப்பெலும்பு முனைகளுக்கும் அப்படியே செய்யலாம். நீரில் தெளிவு இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

கோணத்தோடு இன்னொரு எண்ணும் வேண்டும். 25 மீட்டருக்கு எத்தனை விநாடி, எத்தனை கைவீச்சு என்று எண்ணி இரண்டையும் கூட்டுங்கள். உதாரணமாக 24 விநாடி, 20 வீச்சு என்றால் 44. கோணத்தை மாற்றிய பிறகு இந்தக் கூட்டுத்தொகை குறைந்தால் மாற்றம் உங்களுக்குப் பொருந்துகிறது. வீச்சுகள் குறைந்து விநாடிகள் அதைவிட அதிகமாக ஏறினால் நீங்கள் பக்கவாட்டில் படுத்துக் காத்திருக்கிறீர்கள்.

நான்கு வாரப் பயிற்சி

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தொடக்கச் சூடேற்றத்துக்குப் பிறகு 15 முதல் 20 நிமிடம் போதும். களைத்த உடலில் நுட்பம் பதியாது. இதை அமர்வின் முடிவுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

*தரையில் ஒரு சோதனை.* நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு பந்தை அழுத்திப் பிடித்து, தோள்களின் குறுக்கே ஒரு கோலை வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு அசையாமல் மேலுடலை மட்டும் இரு பக்கமும் திருப்புங்கள். 45 டிகிரியை எட்ட முடியாவிட்டால் மார்பு முதுகுப் பகுதியின் இறுக்கம் நீரிலும் தடையாக வரும். கையையும் முழங்காலையும் ஊன்றி நின்று, ஒரு கையைப் பிடரியில் வைத்து முழங்கையை வானை நோக்கித் திறக்கும் பயிற்சியைப் பக்கத்துக்கு 10 முறை, தினமும் செய்யுங்கள். ஒரு முழங்கையையும் பாதத்தையும் ஊன்றி உடலைப் பக்கவாட்டில் நேராகத் தூக்கி நிறுத்தும் பலகை நிலையை 20 முதல் 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை.

*முதல் வாரம்: பக்கவாட்டில் காலடி.* குட்டை ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டுக்கொள்ளலாம். ஒரு கை முன்னே நீண்டு, உள்ளங்கை கீழ்நோக்கி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில். மறுகை தொடைமேல். முகம் குளத்தின் அடியை நோக்கி. மேல்தோள் நீருக்கு வெளியே வருமளவு மட்டும் சாயுங்கள். தொப்புள் பக்கச் சுவரைப் பார்க்கக் கூடாது, குளத்தின் அடிப்பரப்புக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே பார்க்க வேண்டும். மூச்சு வேண்டும்போது தலையை மட்டும் திருப்புங்கள். 25 மீட்டர் 6 முறை, ஒவ்வொன்றுக்கும் பக்கம் மாற்றி, இடையே 20 விநாடி ஓய்வு. நீட்டிய கை தாழ்ந்துகொண்டே போனாலோ நடுக்கோட்டைக் குறுக்கே கடந்தாலோ அதுதான் உங்கள் பிடிமானம் வழுக்கும் இடம்.

*இரண்டாம் வாரம்: ஆறு, மூன்று, ஆறு.* பக்கவாட்டில் ஆறு அடி, பிறகு மூன்று முழு வீச்சு, மறுபக்கம் ஆறு அடி. 25 மீட்டர் 8 முறை. இந்தப் பயிற்சியின் பயன் அந்த மூன்று வீச்சுகளில்தான் இருக்கிறது. ஆறு அடியின்போது இருந்த சாய்வு அவற்றிலும் நிலைக்கிறதா என்று பாருங்கள். ஆறு அடியின்போது 45 டிகிரி, வீச்சின்போது 20 என்றால் பக்கவாட்டு நிலையைக் கற்றிருக்கிறீர்கள், சுழற்சியை இன்னும் கற்கவில்லை. அப்போது ஆறை நான்காகவும், பிறகு இரண்டாகவும் குறைத்துக்கொண்டே வாருங்கள். முன்னே இரு கைகளும் தொட்டுக்கொள்ளும் பயிற்சியை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நல்லது. இரு கையும் முன்னே சேரும் கணத்தில் தோள்கள் தட்டையாகிவிடும். தட்டையாக நீந்துபவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து அதே பழக்கத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

*மூன்றாம் வாரம்: ஒற்றைக் கை.* வலது கை மட்டும் வீச, இடது கை தொடையோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சை இடப்பக்கம், அதாவது அசையாத கையின் பக்கம் வாங்குங்கள். வீசும் கையின் பக்கம் மூச்சு வாங்கினால் இது பாதிப் பயிற்சி. அசையாத கையின் பக்கம் தோள் மேலே வர வேண்டும் என்றால் காலடியும் உருளலும்தான் அதைக் கொண்டுவர முடியும், கை உதவாது. ஆரம்பத்தில் நீர் குடிக்க நேரும், ஃபின் போட்டால் சமாளிக்கலாம். 25 மீட்டர் 8 முறை, பிறகு முன்பக்க ஸ்நார்க்கல் (முகத்துக்கு முன்னே நிற்கும் மூச்சுக்குழாய்) போட்டு 50 மீட்டர் 4 முறை முழு நீச்சல். ஸ்நார்க்கல் மூச்சின் குழப்பத்தை நீக்கிவிடுவதால், உங்கள் சாய்வு மூச்சால் வருகிறதா, வீச்சால் வருகிறதா என்பது உடனே தெரியும்.

*நான்காம் வாரம்: தாளம்.* தொப்பிக்குள் வைத்துத் தாளத்துக்கு ஒலி எழுப்பும் டெம்போ டிரெய்னர் என்ற சிறு கருவியை ஒரு வீச்சுக்கு 1.20 விநாடி என்று அமைத்து 25 மீட்டர் நீந்துங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் 0.05 குறைத்து 0.90 வரை வாருங்கள். மொத்தம் ஏழு நீளம், இடையே 30 விநாடி ஓய்வு. ஏதோ ஓர் இடத்தில் தாளத்தைப் பிடிக்க முடியாமல் கை நடுவே வெட்டுப்படும். அது பெரும்பாலும் சாய்வு அதிகமாகி, திரும்பிவர நேரம் போதாத இடம். அதற்கு முந்தைய தாளத்தில் இரண்டு வாரம் நீந்திய பிறகு மறுபடி முயலுங்கள்.

உபகரணங்கள் குறித்து ஒரு எச்சரிக்கை. கால்களுக்கு இடையே வைக்கும் புல் பாய் (pull buoy) என்ற மிதவை இடுப்பை உயர்த்திவிடுவதால் கால் விரிவது மறைந்துபோகும். அதைப் போட்டு நன்றாக நீந்துவதை வைத்து சுழற்சி சரியாகிவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள். உள்ளங்கையில் மாட்டும் தட்டுகளான கைப் பேடில்களை இந்த நான்கு வாரங்களில் தொட வேண்டாம். தவறான கோணத்தில் பெரிய பரப்போடு இழுத்தால் அந்தச் சுமையைத் தோள்தான் தாங்கும்.

எது தவறுகிறது, எதனால்

கால்கள் கத்தரிபோல விரிவது மிக அதிகமாகக் காணப்படும் பிழை. காலைத் திருத்த முயன்று தோற்பவர்களும் மிக அதிகம். உடல் அளவுக்கு மீறிச் சாயும்போது கவிழாமல் காப்பாற்றக் கால் தானாக விரிகிறது. மூல காரணம் பெரும்பாலும் முன்னே இருக்கும்: மூச்சு வாங்கும் கணத்தில் நீட்டிய கை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கும். கையைத் தோளுக்கு நேராக, "சற்று அகலமாக இருக்கிறதே" என்று தோன்றும் இடத்தில் நுழைத்துப் பாருங்கள். பல நேரம் கால் அன்றே அடங்கிவிடும்.

பாம்புபோல வளைந்து செல்வது அதன் உறவுக்காரப் பிழை. கை நடுக்கோட்டில் அல்லது அதைத் தாண்டி நுழைய, இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. தட்டையாக நீந்துபவர்கள் கையைப் பக்கவாட்டில் அகல வீசும்போதும் இதே ஆட்டம் வரும்.

வீச்சுகளுக்கு இடையே வேகம் செத்துப்போவது சுழற்சியை அளவுக்கு மீறி நேசிப்பவர்களின் பிழை. வழுக்கிச் செல்வது அழகாகத் தெரியும். ஆனால் நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. தள்ளாத ஒவ்வொரு கணமும் வேகம் இறங்கும், அதை மீட்க அடுத்த வீச்சு கூடுதலாக உழைக்க வேண்டும். மேல்கை தலையைக் கடக்கும்போது கீழ்க்கை பிடித்திருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் இது சரியாகும்.

ஒரு பக்கம் 55, மறுபக்கம் 25 என்ற வித்தியாசம் இருந்தால் முதலில் நாற்காலிச் சோதனையைத் திரும்பச் செய்து உடலின் இறுக்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மூச்சுப் பழக்கம். குறைவாகச் சாயும் பக்கம் மூச்சு வாங்கி 50 மீட்டர் 4 முறை, ஒவ்வொரு அமர்விலும்.

தோள் திரும்பி இடுப்பு திரும்பாமல் கிடப்பது, பெரும்பாலும் முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல அடிக்கும் காலடியால். தொடையிலிருந்து அடி தொடங்காவிட்டால் அது இடுப்பை உயர்த்தாது.

தூரமும் நீரும் மாறும்போது

50, 100 மீட்டரில் கைவீச்சு வேகமே முதன்மை. தோள் சாய்வு 35, 40 டிகிரிக்குச் சுருங்கினாலும் பரவாயில்லை; மேல்கையை நேராக நீட்டி வீசும் பாணிக்கு இன்னும் குறைவான சாய்வு போதும். 1988 ஒலிம்பிக்கில் 400, 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸ், நீண்ட தூரத்தையே நேர்க்கை வீச்சோடு மிக வேகமான தாளத்தில் நீந்தியவர். உடல்வாகு, தூரம், தாளம் மூன்றும் சேர்ந்துதான் கோணத்தைத் தீர்மானிக்கின்றன.

கடல், ஏரி போன்ற திறந்த நீரில் அலை வாயை எட்டும்போது 5 முதல் 10 டிகிரி கூடுதலாகச் சாய்ந்து மூச்சு வாங்குவது தேவையாகும். அதை மூச்சு வாங்கும் வீச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடை அணிந்தால் கால்கள் மிதந்துவிடுவதால் காலடியின் பங்கு குறையும். தோள் பகுதி ரப்பர் கையை இழுத்துப் பிடிப்பதால் மேல்கையைச் சற்று அகலமாக வீச வேண்டியிருக்கும். போட்டிக்கு முன் குறைந்தது நான்கைந்து அமர்வுகள் அதே உடையில் நீந்தி, கைபேசியை மறுபடி நீருக்குள் இறக்கிக் கோணத்தை அளந்து பாருங்கள். குளத்தில் 45 டிகிரி காட்டியவருக்கு அந்த உடையில் வேறு எண் வரலாம்.